வானத்துக்குப் பூட்டு கேட்ட முதலாளி

குழந்தைவேலு முதலாளிக்கு அடுத்தவன் நன்றாயிருந்தால் சோறு இறங்காது. ஆகாயத்தில் போகிற விமானத்தைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. அவருடைய பொழுதுபோக்குப் பூங்காவில் ராட்டினம் ஏறிய பிள்ளைகளெல்லாம் தலைக்கு மேல் போகும் விமானத்துக்குக் கையாட்டின. கீழே ஜரிகைத் துண்டோடு நிற்கும் அவரை ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

தடை போடச் சொல்லி விமான நிலையத்துக்கே போனார். "உங்க பூங்காவுக்காக வானத்தை மூட முடியாது" என்று அனுப்பிவிட்டார்கள். அந்தக் கோபம் ராட்டினம் ஓட்டும் இசக்கியம்மாள் தலையில் விடிந்தது.

"உன் ராட்டினத்துல ஏறித்தானே கையாட்டுதுங்க? நாளையிலருந்து இங்க மேல ஒரு பிளேன் பறந்தாலும் உனக்கு வேலை கிடையாது!"

வேலை போய்விடுமே என்ற பயத்தை இசக்கியம்மாள் முகத்தில் காட்டாமல் ஒரு புளுகை அவிழ்த்துவிட்டாள்.

"நல்லதாப் போச்சு முதலாளி. எதிர்ப் பூங்கா ஞானதிரவியம் அண்ணாச்சியும் அதைத்தான் கேக்காராம். நம்ம மேல போற பிளேனையெல்லாம் அவரு பக்கம் திருப்பிவிடணுமாம்."

"என்னது! என் பிளேன் அவனுக்கா? ஒண்ணுகூட அங்க போகக் கூடாது!"

மறுநாள் காலையில் முதலாளியே ராட்டினத்தில் ஏறிக் காவலுக்கு உட்கார்ந்தார். அவர் உச்சிக்குப் போனதும் இசக்கியம்மாள் ராட்டினத்தை நிறுத்திவைத்தாள். முதலில் வந்த விமானம் எதிர்ப் பூங்கா பக்கம் லேசாகச் சாய்ந்தது. முதலாளி பதறி எழுந்து, ஜரிகைத் துண்டை உருவிச் சுழற்றினார்.

"ஏய், இங்க வா! இந்தப் பக்கம் வா!"

அன்றைக்கு ஒரு பிள்ளைகூட விமானத்தைப் பார்க்கவில்லை. அத்தனையும் முதலாளிக்குத்தான் கையாட்டின.