பொட்டு மாறிய சிலாப்

குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம். சீடர் கோமதிநாயகம், கூரைக்குப் போடும் கான்கிரீட் சிலாப்புகளை வார்த்து விற்பவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் மடத்துக்கு வந்தவர், செருப்போடு முற்றத்தைத் தாண்டிவிட்டார்.

"செருப்பு," என்றார் குரு.

திரும்பிப் போய்க் கழற்றிவிட்டு வந்தார்.

"சாமி, ஒரு கேள்வி. பேசாம இருந்தா பாவமா?"

"யார்கிட்ட?"

"சடையப்பன்கிட்ட."

"நீங்கதான் பல வருஷமா பேசறதில்லையே."

சடையப்பன் அவருக்குச் சித்தப்பா மகன். தன் மகள் கல்யாணப் பந்தியில், இலையில் சோறு விழுந்த பிறகு, கோமதிநாயகத்தை எழுப்பிவிட்டு மாப்பிள்ளை வீட்டார் ஒருவரை அங்கே உட்கார வைத்தவர். அந்த இலையையும், எதிர் வரிசையில் சிரித்த முகங்களையும் கோமதிநாயகம் மறக்கவில்லை. மறக்கிற அவமானமும் இல்லை அது.

"இது வேற சாமி. அவன் புது வீட்டு மாடிக்கு என் சிலாப் போயிருக்கு. கொத்தனார் வாங்கிட்டுப் போனாரு. யார் வீட்டுக்குன்னு தெரிஞ்சிருந்தா கொடுத்திருக்கவே மாட்டேன்."

"அதுல என்ன?"

"சிலாப்புக்குள்ள கம்பி அடிப்பக்கம் கிடக்கும், அப்பத்தான் பாரம் தாங்கும். மேல்பக்கம் எதுன்னு தெரிய சிவப்புப் பெயின்ட்ல ஒரு பொட்டு வைப்போம். பொட்டு வானத்தைப் பாக்கணும். அந்தத் தடவை ஓரம் பூசறதுக்காகக் கவிழ்த்து வெச்சிருந்தோம். கவிழ்ந்த பக்கத்துலயே பொட்டு வெச்சுத் தொலைச்சுட்டாங்க. நேத்து மீதி ஒண்ணைச் செங்கல் மேல போட்டு ஒருத்தன் ஏறி நின்னான். ரெண்டா போச்சு."

"சும்மா கிடந்தா?"

"சும்மா கிடந்தா கிடக்கும். பாரம் ஏறினாத்தான். இன்னிக்கு அங்க கிரகப்பிரவேசம் சாமி. மாடியிலதான் பந்தி."

கோமதிநாயகம் இன்னும் கிட்டே வந்து உட்கார்ந்தார்.

"இன்சூரன்ஸ் இருக்கு. தீக்கு, லாரிக்கு, ஆளுக்கு, எல்லாத்துக்கும் இருக்கு. என் பொருளால அடுத்தவனுக்கு ஏதாவது ஆனா அதுக்கும் இருக்கு. ஆனா ஏஜென்ட் சொல்றாரு, கம்பெனியக் கேக்காம தப்பு என்னுதுன்னு யார்கிட்டயும் ஒத்துக்கக் கூடாதாம். ஒத்துக்கிட்டா ஒரு பைசா வராதாம். நாளைக்குத்தான் ஆபீஸ் திறக்கும்."

"அப்ப நாளைக்குக் கேட்டுக்கலாம்."

"விழாமலும் போகலாம் இல்லையா சாமி?"

"போகலாம்." குரு எழுந்தார். "மாட்டுக் கொட்டகைக்கு நீங்க அனுப்பின சிலாப் போட்டாச்சு. வந்தது வந்தீங்க, பாத்துட்டுப் போங்க."

கொட்டகைக்கு மேலே மாசானம் நின்றுகொண்டு வைக்கோல் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மடத்தில் மாடு பார்ப்பவர் அவர். குரு உள்ளே போய்ப் பசுவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கோமதிநாயகம் வாசலிலேயே நின்றுவிட்டார். சடையப்பன் வீட்டுக்கும் இங்கேயும் ஒரே லாரிச் சரக்குதான் போனது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"மாசானம், அங்க பொட்டு தெரியுதா? சிவப்புப் பொட்டு?"

"வரிசையா இருக்கு முதலாளி. மாத்திப் போட நாங்க என்ன கேணையா?"

"இறங்குங்க! சுவர் மேலயே கால் வெச்சு இறங்குங்க! சாமி, வெளியே வாங்க!"

"எதுக்கு?"

"கவுந்து கிடக்கு சாமி! தப்பு என்னுது! வாங்க!"

"ஆபீஸ் திறக்கட்டுமே."

"ஐயோ, எந்திரிங்க!"

இத்தனை காலத்தில் அவர் குருவின் காலைத் தவிர வேறெங்கும் தொட்டதில்லை. உள்ளே பாய்ந்து கையைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்தார். மறுபடியும் ஓடிப் பசுவை அவிழ்த்தார். முடிச்சு வரவில்லை. மேலேயிருந்து பொடியாக ஏதோ அவர் பிடரியில் உதிர்ந்தது. கயிற்றை முளையோடு பிடுங்கிக்கொண்டு வந்தார்.

மாசானமும் இறங்கியிருந்தார். கோமதிநாயகத்துக்கு மூச்சு வாங்கியது. பசுவின் கயிறு இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

குரு அந்தக் கயிற்றை வாங்கி மாசானத்திடம் கொடுத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சடையப்பன் வீட்டுல எப்ப இலை போடுவாங்க?" என்று கேட்டார்.