கருப்பட்டியின் முதுகு

"கருப்பட்டிக்கு என்னைப் பிடிக்கலைம்மா."

மலையடிவார மடத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த துறவி நிமிர்ந்தாள்.

வந்திருந்தவள் பொற்கொடி. துறவியைவிடப் பதினைந்து வயது மூத்தவள். ஆனாலும் துறவி அவளுக்கு அம்மா. அவள் துறவிக்கு அக்கா.

கருப்பட்டி வாசற்படியில் படுத்திருந்தது. ஒன்பது மாதமாகப் பொற்கொடியின் நாய்.

"எப்படித் தெரிஞ்சுது?"

"கட்டிப் பிடிச்சா முகத்தைத் திருப்பிக்குது. முத்தம் கொடுத்தா உதட்டை நக்குது. கொட்டாவி வேற."

"எங்கே படுத்துக்கும்?"

"என் கட்டிலுக்குக் கீழேதான். அது கடமைக்கு."

துறவி சிரிக்கவில்லை.

"வீட்டுல நான் ஒருத்திதான். பாசமில்லாததை வச்சுக்கிட்டு என்ன பண்றது? பால்காரர் தோட்டத்துக்குக் கேட்டார். சாயங்காலம் இங்கேயே வந்து கூட்டிட்டுப் போறார். கிளம்பும்போது போன் பண்ணுவார்."

பொற்கொடியின் குரல் உடைந்தது.

துறவி எழுந்து வந்து அவளைக் கட்டிப் பிடித்தாள்.

பொற்கொடி அழுதாள். பிறகு அழுகை நின்றது. துறவி விடவில்லை.

வியர்த்தது. பொற்கொடி சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பினாள். நாக்கால் உதட்டை ஈரப்படுத்தினாள். துறவி இன்னும் விடவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் நின்றவளுக்குக் கொட்டாவி வந்தது.

"அக்காவுக்கு என்னைப் பிடிக்கலையோ?"

"ஐயோ! பிடிக்காமலா இவ்வளவு தூரம் நடந்து வர்றேன்?"

"அப்புறம் ஏன் இப்படி?"

"நீங்கதான் பிடிச்சிருக்கீங்களே!"

துறவி விட்டாள். கீரைக்குத் திரும்பினாள்.

பொற்கொடி அங்கேயே நின்றாள்.

"இப்ப யாரும் பிடிக்கலையே. போகலாமே?" என்றாள் துறவி.

போகத் தோன்றவில்லை. ஏனென்றும் தெரியவில்லை. பொற்கொடி தரையில் உட்கார்ந்தாள். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

கீரைக் காம்பு ஒடியும் சத்தம் மட்டும் கேட்டது.

கருப்பட்டி எழுந்து வந்தது. அவளை முகர்ந்தது. திரும்பி, முதுகைக் காட்டி உட்கார்ந்தது.

"பாருங்க," என்றாள் பொற்கொடி. "இப்பவும் முதுகைத்தான் காட்டுது."

துறவி பார்க்கவில்லை.

கருப்பட்டி மெல்லப் பின்னால் சாய்ந்தது. அதன் முழு எடையும் பொற்கொடியின் முழங்காலில் இறங்கியது. அவள் கை தூக்கினாள். பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

வாசலோரப் பையில் போன் அடித்தது.

துறவி எடுத்துப் பார்த்தாள். "பால்காரர்."

பொற்கொடி அசையவில்லை.

"அக்கா, என்ன சொல்லட்டும்?"

"தெரியலைம்மா." போன் அடித்துக்கொண்டே இருந்தது. "என்னால எழுந்திரிக்க முடியாதுன்னு சொல்லுங்க. கருப்பட்டி என்னைப் பிடிச்சிருக்கு."