ஆறு தந்தியும் ஒரே நாளில்

அந்தக் காலத்தில் நண்டுக்கு நாக்கு இருந்தது. ஆலாப் பறவைக்கு ஊர்வம்பு அத்தனையும் அத்துப்படி. மரக்கட்டைகூடக் கேட்டால் பதில் சொல்லும். ஈக்களுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது. எங்கே வேண்டுமானாலும் பறந்தன, யாரும் எதையும் விரித்து வைத்துக்கொண்டு அவற்றுக்காகக் காத்திருக்கவில்லை. கடலுக்குப் போனதெல்லாம் பெண்கள்தான். ஆண்கள் கரையில் இருந்து கஞ்சி காய்ச்சினார்கள், கிழிந்த வலையைத் தைத்தார்கள், மிச்ச நேரத்தில் புறணி பேசினார்கள். நம்பிக்கை இல்லாதவர்கள் கடலையே கேட்டுக்கொள்ளலாம். அப்போது அதுவும் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தது. இப்போதுதான் வெறுமனே முணுமுணுக்கிறது.

அந்தக் கரையில் கயித்தான் என்று ஒருவன் இருந்தான். அவன் பெண்சாதி பிலோமி. மணல் சுடுகிற நாளில் ஒரு தோளில் கட்டுமரத்தையும் இன்னொரு தோளில் கயித்தானையும் தூக்கிக்கொண்டு நடப்பாள். அப்படிப்பட்ட பெண்.

கயித்தானுக்கு ஒரே வேலை, கிட்டார். தெற்கே இருந்த பாறையில் ஒரு சீமைக் கப்பல் மோதி உடைந்தபோது ஆள், மூட்டை, பீப்பாய் எல்லாம் மூழ்கிப்போக, கிட்டார் மட்டும் அலைமேல் ஏறி உட்கார்ந்து கரைக்கு வந்துவிட்டது. அதன் தலையில் நீளவாக்கில் இரண்டு சன்னல்கள். சன்னலுக்குள் குறுக்கே மூன்று மூன்றாக ஆறு உருளைகள். ஆட்டுக்குடலை முறுக்கிச் செய்த ஆறு தந்திகளும் கழுத்து வழியாக ஏறிவந்து அந்த உருளைகளில் சுற்றிக்கொண்டு கிடக்கும்.

விடியற்காலையில் கடல்மேல் பனிமூட்டம் போட்டுவிட்டால் கரை எங்கே என்று தெரியாது. அலை இரைச்சலில் மனிதக் குரல் பத்தடி போகாது. கிட்டார் சத்தம் மட்டும் என்ன காரணத்தாலோ நெடுந்தூரம் போகும். கயித்தான் நீர் ஓரத்தில் நின்று வாசிப்பான். பெண்கள் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே வந்து சேருவார்கள்.

இதில் ஒரு விபரீதம் உண்டு. உடைந்த கப்பலின் கயிறுகள் இன்னும் பாறையில் தொங்கிக்கொண்டிருந்தன. காற்று அடித்தால் அவையும் அச்சாகக் கிட்டார் மாதிரியே ஒலிக்கும், சுதி மட்டும் கொஞ்சம் இறங்கியிருக்கும். அந்தச் சத்தத்தை நம்பிப் போன கட்டுமரம் எதுவும் திரும்பியதில்லை. ஆகவே பெண்களுக்கு ஒரே கணக்குதான்: சுதி சேர்ந்திருந்தால் வீடு, இறங்கியிருந்தால் சாவு, மரத்தைத் திருப்பு.

உப்புக்காற்றில் குடல்தந்தி ஒரு வாரம் தாங்கினால் பெரிது. அதனால் நாளுக்கு ஒரு தந்தி என்று கயித்தான் மாற்றுவான். திங்கட்கிழமை தடித்தது, சனிக்கிழமை மெலிந்தது, ஞாயிற்றுக்கிழமை பூசை. இது கிட்டார் வைத்த சட்டம்.

"ஒண்ணை எடு, ஒண்ணைப் போடு. புதுத் தந்தி நாலு நாளைக்கு இளகிக்கிட்டேதான் இருக்கும். பழசு பக்கத்துல இருந்தாத்தான் அதைப் பார்த்து இது நிக்கும். ஆறையும் ஒரேயடியா எடுத்துராத கயித்தானே. என் கழுத்து அந்த இழுப்புலதான் நிமிர்ந்து நிக்குது. என் உசுரும் அதுலதான் கெடக்கு."

சட்டம் சரிதான். ஆனால் வேலை படுபாவி வேலை. சன்னலோ குறுகல். உருளையில் இருக்கிற ஓட்டையோ எறும்பு தலை நுழைக்கிற அளவு. தந்தியை மேலிருந்து ஓட்டைக்குள் விட்டு, வாலை வளைத்து அதன் அடியிலேயே செருகி, முதல் சுற்றை அதன்மேல் ஏற்றிவிட வேண்டும். அப்படிச் செய்தால் தந்தி தன் வாலைத் தானே மிதித்துக்கொண்டு நழுவாமல் நிற்கும். பிறகு சுற்று சுற்றாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைக்க வேண்டும். மற்ற ஐந்து தந்திகளும் குறுக்கே நின்றுகொண்டு விரலை விடுமா? எப்படிச் சுற்றினாலும் கயித்தானுக்குக் கோணலாகத்தான் வந்தது. நறுக்கிய பிறகும் வால்கள் பூனை மீசை மாதிரி நாலு பக்கமும் துருத்திக்கொண்டு நின்றன.

பிலோமி ஒருநாள் கஞ்சி குடித்துக்கொண்டே அதைப் பார்த்தாள்.

"ஏ மனுசா, இது கிட்டார் தலையா, கோழி கெளறுன குப்பையா?"

"சத்தம் நல்லாத்தானே வருது."

"சத்தத்துக்கு என்ன கொறச்சல், அதை நம்பித்தான நான் கடலுக்கே போறேன். ஆனா கோயில் கொடியேத்தத்துக்கு ஊரு பூரா வந்து நிக்கும். நீ இந்தத் தலையத் தூக்கிக்கிட்டு முன்னால நிப்ப. எனக்குத்தான் மானம் போவுது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கயித்தானும் சிரித்தான். ஆனால் அந்தச் சொல் மீன்முள் மாதிரி அவன் தொண்டையில் நின்றுவிட்டது.

கொடியேற்றத்துக்கு முந்தின நாள், நண்டு வந்தது. தந்தி மாற்றி முடிந்ததும் வாலை நறுக்கிக் கொடுப்பது அதன் வேலை. கயித்தான் சன்னலுக்குள் விரலை விட்டுக்கொண்டு திட்டிக்கொண்டிருந்தான்.

"என்ன வே, காலையிலேருந்து ஒரே தந்தியோட மல்லுக்கு நிக்கீரு?"

"இடம் இல்ல வே. கை போகமாட்டேங்குது."

"ஆறையும் எடுத்துட்டா இடம் வந்துட்டுப் போகுது. வெறும் சன்னல்ல கை தாராளமா போகும். மத்தியானத்துக்குள்ள முடிச்சிரலாம். பொண்டாட்டி அசந்து போவா."

"வேண்டாம் கயித்தானே," என்றது கிட்டார்.

கயித்தான் யோசித்தான். பிலோமி முகத்தை நினைத்தான். மறுநாள் கொடிமரத்தடியில், ஊர் கூடிய இடத்தில், அவள் அந்தத் தலையைப் பார்த்து வாயடைத்து நிற்பதை நினைத்தான். அதற்குப் பிறகு அவன் யோசிக்கவில்லை.

"அறு," என்றான்.

நண்டு அறுத்தது. ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொன்றும் அறும்போது கிட்டாரின் குரல் ஒரு படி இறங்கியது. நாலு, ஐந்து.

"கயித்தானே, இந்தக் கடைசி ஒண்ணை மட்டும்..."

நண்டுக்கு வேலையை நடுவில் நிறுத்திப் பழக்கமில்லை.

அப்புறம் கிட்டார் பேசவில்லை. கோபமாக இருக்கும், சாயங்காலம் சரியாகிவிடும் என்று கயித்தான் நினைத்துக்கொண்டான். வேலை பூமாதிரி நடந்தது. விரல் தாராளமாகப் போயிற்று. வால் அடியில் ஒழுங்காகச் செருகிக்கொண்டது, சுற்றுகள் பாய் விரித்ததுபோல வரிசையாகப் படுத்தன. நண்டு வால்களை ஒட்ட நறுக்கியது. இருவரும் தள்ளி நின்று பார்த்தார்கள். அப்படி ஒரு தலையை அந்தக் கரை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

சுதி சேர்க்கப் பார்த்தான். எதைப் பார்த்துச் சேர்ப்பது? பழசு ஒன்றுகூட இல்லை. ஞாபகத்தை வைத்து ஒன்றை முறுக்கினான். அதைப் பார்த்து மற்ற ஐந்தையும் முறுக்கினான்.

"சரியா இருக்கா?" என்று கிட்டாரைக் கேட்டான். பதில் இல்லை. அவன் காதுக்குச் சரியாகத்தான் இருந்தது. துண்டைப் போட்டு மூடி வைத்தான். நாளைக்குக் காட்டினால் போதும்.

கொடியேற்றத்தன்று யாரும் கடலுக்குப் போவதில்லை. பிலோமி மட்டும் போனாள். திருநாள் குழம்புக்குச் சீலாமீன் வேண்டும் என்று பிடிவாதம். அவள் போனபோது அவன் தூங்கிக்கொண்டிருந்தான். விடிந்தபோது மூட்டம் போட்டிருந்தது. தன் கையை நீட்டினால் தனக்கே தெரியாத மூட்டம்.

கயித்தான் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு நீர் ஓரத்துக்கு ஓடினான். ஆறு தந்திகளும் இரவெல்லாம் இளகியிருந்தன. எல்லாம் ஒரே அளவுக்கு, ஒன்றுக்கொன்று இணக்கமாக, கூடிப் பேசிக்கொண்டதுபோல இறங்கியிருந்தன. அதனால் தட்டிப் பார்த்தபோது அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. வாசித்தான். வாசிக்க வாசிக்க அவை இன்னும் இறங்கின. அதுவும் தெரியவில்லை. கை சிவக்க, உள்ளம் நிறைய வாசித்தான்.

வெகுநேரம் கழித்து மூட்டத்துக்குள்ளிருந்து ஆலா வந்து மணலில் இறங்கியது.

"அண்ணே, இன்னுமா வாசிக்கிறீக?"

"பிலோமியப் பாத்தியா?"

"பாத்தேன். கிட்டத்துலதான் வந்தாக. இன்னும் நாலு துடுப்பு போட்டிருந்தா மணலு தட்டியிருக்கும்."

"பெறகு?"

ஆலா தலையைக் குனிந்துகொண்டது. "துடுப்ப நிறுத்திக் கேட்டாக. 'இது பாறை. எம் மனுசன் தந்தி ஒருநாளும் இப்பிடி எறங்காது'ன்னாக. மரத்தத் திருப்பிட்டாக."

கயித்தான் கை கிட்டாரிலேயே நின்றது.

"நீ சொல்லலியா? நாந்தான்னு நீ சொல்லலியா?"

"சொன்னேன் அண்ணே. 'நீ ஊர்வம்பு பேசுறவ, ஒன்னைய நம்பி மரத்த விட முடியுமா, நான் அவரு கையத்தான் நம்புவேன்'னுட்டாக."

"எந்தப் பக்கம் போனா?"

"அது மூட்டத்துல தெரியல. ஒங்க சத்தம் கூடக்கூட வேகமாப் போனாக. அது மட்டும் தெரியும்."

வாசித்தால் ஓடுகிறாள். நிறுத்தினால் தொலைகிறாள். கயித்தான் இரண்டு பெருவிரல்களையும் வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

மூட்டம் விலகியபோது கடல் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. பெண்கள் ஒன்பது நாள் தேடினார்கள். ஒரு துடுப்புகூடக் கிடைக்கவில்லை. கொடி ஏறவில்லை.

நண்டு ஒருதரம் வந்தது. "வே, நான் ஏதோ ஒரு பேச்சுக்குச் சொன்னேன்," என்று ஆரம்பித்தது. கயித்தான் நிமிர்ந்து பார்த்தான். அவ்வளவுதான், நண்டின் நாக்கு உள்ளே போனது போனதுதான். நேருக்கு நேர் நிற்கமுடியாமல் பக்கவாட்டிலேயே நடந்து போய் ஒரு வளையில் புகுந்துகொண்டது. இன்றைக்கும் மனிதர் வருகிற சத்தம் கேட்டால் அதே நடை, அதே வளை.

கயித்தான் எழுந்து வீட்டுக்குப் போகவில்லை. ஒரு தந்தியை முறுக்குவான், சுண்டுவான், "சரியா?" என்று கேட்பான். கிட்டார் பேசாது. அடுத்ததை முறுக்குவான். தந்திகள் உப்பில் இற்று ஒவ்வொன்றாக அறுந்தன. ஊரில் யாரும் அவனுக்குக் குடல் கொடுக்கவில்லை. அவன் தன் வயிற்றிலிருந்தே இழுத்தான். இழுக்க இழுக்க உடம்பு வற்றியது. கால் போயிற்று, கழுத்து போயிற்று, கடைசியில் ஒரு மிளகளவு வயிறும் பத்து விரலும்தான் மிச்சம். எட்டு விரல்கள் தந்தி பிடிக்கிற வேலையை விடவில்லை. கடித்த பெருவிரல் இரண்டும் வாயிலேயே நின்றுவிட்டன. ஒரு காலையில் ஆலா வந்து பார்த்தபோது, கிட்டார் தலையின் சன்னலுக்குள் அது உட்கார்ந்திருந்தது. அதற்கு என்ன பெயர் வைப்பது என்று ஆலாவுக்கே தெரியவில்லை.

அன்று முதல்தான் சிலந்திக்கு எட்டுக் காலும், வாயோரத்தில் இரண்டு குட்டை விரலும். அவள் எந்தப் பக்கம் போனாள் என்று தெரியாததால், நடுவில் உட்கார்ந்து எல்லாப் பக்கத்துக்கும் ஒரு தந்தி கட்டுகிறது. பழையவற்றைத் தின்றுவிட்டுப் புதிதாகப் பின்னும்போதுகூட, மேலே வலையைத் தாங்கி நிற்கிற ஒரே ஒரு தந்தியை மட்டும் அறுப்பதில்லை. அது புத்தி வந்த பிறகு வந்த பழக்கம். ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்த்துவிட்டு, விரல் நுனியில் காதை வைத்துக்கொண்டு அசையாமல் இருக்கிறது. எங்கோ ஒரு கோடியில் ஒரு தந்தி நடுங்கினால் போதும், அவள் மரம் மணல் தட்டிவிட்டது என்று எட்டுக் காலும் பதற ஓடுகிறது. ஓடிப்போய்ப் பார்த்தால், ஈ.