சிட்டு சீரோடு திரும்பிய கதை

முன்னொரு காலத்தில், மூன்று நிலாக்கள் காயும் வானத்தின் கீழே, திரைமங்கலம் என்ற கடற்கரை நாட்டைப் பெருந்திரையன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். வெற்றிலை மெல்லும்போது ஒரு தீர்ப்பு, துப்பிய பிறகு வேறொரு தீர்ப்பு சொல்லும் ராஜா. அவனைச் சிரிக்கவைத்தே நாட்டை ஓட்டிக்கொண்டிருந்தார் மந்திரி சேந்தன்.

அந்த நாட்டு வானத்துக்கு ஒரு குடும்பக் கதை உண்டு. மூன்று நிலாக்களும் சூரியனின் மனைவிமார். கடலில் குடம் முக்கி நீர் எடுப்பது அவர்கள் வேலை. அதனால்தான் கடல் ஏறி இறங்குகிறது. இளையவள் பெயர் சிட்டு. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புருஷனோடு கோபித்துக்கொண்டு, நட்சத்திரமே இல்லாத கரும்பந்தல் என்ற இருட்டுக்குள், தன் தாய்வீட்டுக்குப் போய்விடுவாள். அவள் போனதும் கடல் இரண்டு நாள் நடை தூரம் உள்வாங்கும். ஜனங்கள் குடும்பத்தோடு கடல்தரையில் இறங்கிக் குடிசை போட்டுச் சங்கும் முத்துச்சிப்பியும் பொறுக்குவார்கள். நாற்பதாம் நாள் காலையில் கரையேறிவிடுவார்கள். அன்று அந்தியில் சிட்டு, எரிநட்சத்திரங்களைச் சீர்வரிசையாகக் கொண்டுவருவாள். பின்னாலேயே கடலும் வரும்.

அந்த முறை சிட்டு போன பத்தாம் நாள், வான்கணக்குப் பார்க்கும் நல்லினி ஓர் ஓலை கொண்டுவந்தாள். உப்பளத்தில் கம்பம் நட்டு நிழல் அளப்பவள். கொஞ்ச நாளாக ராஜா அவளை அடிக்கடி கூப்பிட்டு வானத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தான். ஓலை முதலில் மந்திரியிடம் வந்தது. சேந்தன் அதை ஒரு மத்தியானம் முழுக்க வைத்துக்கொண்டு பிழை தேடினார். பிழை இல்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் அவையில் நல்லினி சொன்னாள்: "அரசே, கரும்பந்தலுக்குள் போகும்போது சிட்டுவின் நடையை அளந்தேன். எப்போதையும்விட வேகமாகப் போயிருக்கிறாள். முப்பத்தேழாம் நாள் அந்தியிலேயே திரும்பிவிடுவாள். ஜனங்களை முன்கூட்டியே கரையேறச் சொல்லுங்கள்."

ராஜா மந்திரியைப் பார்த்தான். "என்ன சேந்தரே, சரியாக இருக்குமா?"

"ஆமாம்" என்ற ஒரு சொல் போதும். சேந்தன் மீசையைத் தடவிக்கொண்டார்.

"அரசே, கோபித்துக்கொண்டு தாய்வீடு போன பெண், புருஷன் வந்து கெஞ்சாமல் மூன்று நாள் முன்னதாகத் திரும்பினாள் என்று எந்த ஊரிலாவது கேட்டதுண்டா? பாவம், நம் நல்லினிக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அதனால்தான் கணக்கு தப்பிவிட்டது!"

அவை அதிர்ந்தது. சிரித்துச் சிரித்து ராஜாவுக்கு வெற்றிலை புரையேறியது. விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றி மந்திரியிடம் எறிந்தான். "போ அம்மா, முதலில் மாப்பிள்ளையைப் பார். பிறகு நிலாவைப் பார்க்கலாம். நாற்பது நாள் முடியும்வரை அவைப்பக்கம் வராதே."

விகடம் ஊரெல்லாம் பரவியது. சேந்தனுக்குத்தான் சோறு இறங்கவில்லை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று நாளைக் கடத்தினார். ராஜாவின் தீர்ப்பு தப்பு என்று சொன்ன கழுத்து அந்த நாட்டில் நிலைத்ததில்லை. முப்பத்தைந்தாம் நாள் காலை, இனித் தாங்காது என்று அரண்மனைக்கு ஓடினார்.

"அரசே, சீரோடு மருமகள் வரும்போது வாசல் பெருக்காமல், கோலம் போடாமல், வீட்டு ஆட்கள் எல்லாம் வெளியே கிடந்தால் அவள் என்ன செய்வாள்?"

"திரும்பவும் கோபித்துக்கொண்டு போவாள்."

"நம் ஜனங்கள் நாற்பதாம் நாள் காலையில் சேறும் சகதியுமாக அரக்கப்பரக்க ஏறிவருகிறார்களே, வரவேற்கிற லட்சணமா அது? சிட்டு போய்விட்டால் பழி அரசர் தலையில் அல்லவா விழும்?"

ராஜா துள்ளி எழுந்தான். "நாளைக்குள் எல்லோரும் கரையேறி வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும். முரசறையுங்கள்! சேந்தரே, இது என் யோசனைதானே?"

"தங்கள் யோசனையேதான்."

முரசுக்காரர்கள் கடல்தரையில் ஓடினார்கள். ஜனம் முணுமுணுத்துக்கொண்டே மூட்டை கட்டியது. முப்பத்தேழாம் நாள் அந்தியில், எரிநட்சத்திரம் பொழியப் பொழிய, சிட்டு வந்தாள். கடல் வந்தது. வெள்ளையடித்த வாசல்களில் நின்று ஊரே அதைப் பார்த்தது.

ஆனால் உள்வாங்கிய கடலின் விளிம்பில், கடைத்திட்டு என்ற மணல்மேட்டிலும் சில குடிசைகள் இருந்தன; கரையிலிருந்து இரண்டு நாள் நடை. முரசு அங்கே போய்ச் சேரவில்லை. அவையைவிட்டு அனுப்பப்பட்ட நல்லினி, நேராக அங்கேதான் போயிருந்தாள். அவள் பேச்சை நம்பி நான்கு குடும்பங்கள் அவளோடு கரையேறின. பதினொரு பேர் வரவில்லை.

நாற்பதாம் நாள் அவை கூடியது. ராஜா மந்திரியின் யோசனையைத் தன் யோசனை என்றும், தன் யோசனையை மந்திரியுடையது என்றும் மாறிமாறிப் புகழ்ந்தான். சேந்தன் மோதிரத்தைக் கழற்றிச் சிம்மாசனத்தின் அடியில் வைத்தார்.

"அரசே, ஓலையை நான் முன்பே படித்தேன். அது சரியென்று தெரிந்தே சிரிக்கவைத்தேன். பொறாமை."

ராஜா வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினான். இந்த முறை தீர்ப்பு உடனே வரவில்லை. நெடுநேரம் கழித்து, நல்லினியை மந்திரி இருக்கையில் உட்காரச் சொன்னான். பிறகு கேட்டான்: "அந்தப் பதினொரு பேர் ஏன் அம்மா வரவில்லை?"

"கல்யாணமாகாத பெண்ணுக்கு என்ன தெரியும் என்று சிரித்தார்கள் அரசே. முரசு போகாத தூரத்துக்கு விகடம் எனக்கு முன்னாலேயே போயிருந்தது."

சேந்தன் தலை கவிழ்ந்தார். "என்னை அன்றே காட்டிக்கொடுத்திருக்கலாமே, அம்மா?"

"யார் நம்புவார்கள்? ஆனால் எனக்குத் தெரியும் ஐயா. அன்று அவையே சிரித்தது. நீங்கள் ஒருவர்தான் சிரிக்கவில்லை."

இப்போதெல்லாம் திரைமங்கலத்தார் முப்பதாம் நாளே கரையேறிவிடுகிறார்கள். தாய்வீடு போன பெண்ணின் விகடமும் அங்கே இன்னும் வழங்குகிறது, நல்ல விகடம்தான். சேந்தன் உயிரோடிருந்த நாள்வரை, தெருவில் யாராவது அதைச் சொன்னால், நின்று முழுவதும் கேட்பாராம். அன்றைப் போலவே, சிரிக்கமாட்டாராம்.