காட்டுக்குத் தைத்த சட்டை

முன்னொரு காலத்தில், உட்கார்ந்தால் எழுவதும் எழுந்தால் உலாத்துவதுமாக, ஓரிடத்தில் நிலைகொள்ளாத ராஜா ஒருவர் இருந்தார். அவருக்கு இரண்டு காடுகள். வடக்கே, மந்திரி வேலாயுதர் வரிசை பிடித்து வளர்த்த தேக்கங்காடு. தெற்கே, அரசவை விகடன் சாத்தப்பன் தேக்கும் வேங்கையும் இலவும் நெல்லியுமாகக் கலந்து வளர்த்த காடு.

தெற்குக் காட்டையும் வெட்டித் தேக்கு நடவேண்டும் என்று மந்திரி ஓயாமல் நச்சரித்தார். ராஜாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“சாத்தப்பா! எந்தக் காட்டில் மரவகை அதிகம், எவ்வளவு அதிகம்? நாளைக்குள் இரண்டுக்கும் அளவெடு!”

“மரத்தை எண்ணக் கூடாது, அளவுகோலைத் தொடக் கூடாது, மகாராஜா” என்று மந்திரி குறுக்கிட்டார். “தவறினால் தெற்குக் காட்டை வெட்டுவோம். விகடரையும் ஊரைவிட்டு அனுப்புவோம்.”

“அப்படியே ஆகட்டும்!”

தேன் எடுப்பவர்கள் எத்தனையோ பேர் அந்தக் காட்டை நம்பி இருந்தார்கள். சாத்தப்பன் ‘அளவெடு, அளவெடு’ என்று முணுமுணுத்தபடியே தெருத்தெருவாக நடந்தான். சட்டென்று நின்றான். நேரே போய் அரண்மனைத் தையற்காரர் சொக்கரின் கதவைத் தட்டினான்.

மறுநாள் ராஜா வந்தபோது தேக்கங்காட்டின் முதல் மரம் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு நின்றது.

“என்ன கூத்து இது?”

“அளவெடுக்கச் சொன்னீர்கள், மகாராஜா. எடுத்துத் தைத்தாயிற்று.”

சட்டையைக் கழற்றி அடுத்த மரத்துக்குப் போட்டான். கச்சிதமாக இருந்தது. எந்த மரத்துக்குப் போட்டாலும் அப்படியே. பிறகு தெற்குக் காட்டுக்குப் போனார்கள். வேங்கையின் இடுப்பைச் சட்டை சுற்றவே இல்லை. நெல்லிக்குப் போட்டபோது தரையில் புரண்டது. இலவமுள்ளில் மாட்டிக் கிழிந்தது.

“பார்த்தீர்களா! என் காட்டுக்கு ஒரே சட்டை போதும்” என்றார் மந்திரி.

“புழுவுக்கும் அது தெரிந்துவிட்டது, மந்திரியாரே.” வடக்குக் காட்டிலிருந்து ராஜாவின் தலைப்பாகையில் ஒட்டி வந்திருந்த தேக்கிலையை எடுத்து நீட்டினான் சாத்தப்பன். இலை சல்லடையாக இருந்தது. “அங்கே ஒரு மரத்தைத் தின்ற புழுவுக்கு அடுத்த மரமும் சோறு. இங்கே பக்கத்தில் இருப்பது வேங்கை. அதைப் புழு வாயில் வைக்காது.”

ராஜா அண்ணாந்து பார்த்தார். தலைக்கு மேலிருந்த தேக்கின் இலைகள் முழுசாக இருந்தன.

“இந்தக் காட்டில் யாரும் கோடரி வைக்கக் கூடாது. மந்திரியாரே, உம் தேக்குக்கு நடுவே வேங்கையும் நெல்லியும் நடும்!” என்று உத்தரவிட்டு, தம் முத்துமாலையைக் கழற்றிச் சாத்தப்பனுக்குப் போட்டார். “இன்னும் என்ன வேண்டும்? கேள்.”

“சொக்கரை வெளியே அழைத்துவர நாலு ஆட்கள் வேண்டும், மகாராஜா. இங்கே மரத்துக்கு ஒரு சட்டையாகத் தைக்கிறேன் என்று விடிகாலையில் உள்ளே போனவர், இன்னும் அளவெடுத்துக்கொண்டே இருக்கிறார்.”

ராஜா சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த கிளிகளெல்லாம் பறந்தன.