தனகோட்டியின் வெயில் ஜெயித்த கதை

வேலூர்க்காரரிடம் அவர் ஊரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் குறை சொல்லலாம். மலையில் மரமில்லை, ஆற்றில் தண்ணீரில்லை என்று கேலி பேசினாலும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார். ஆனால் 'உங்கள் ஊரைவிட எங்கள் ஊரில் வெயில் அதிகம்' என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. வெயில் அவருக்குப் பரம்பரைச் சொத்து. அதில் பங்கு கேட்டு வருகிற ஆளை அவர் சும்மா விடமாட்டார். எல்லா வேலூர்க்காரரும் இப்படியா என்று என்னிடம் சண்டைக்கு வர வேண்டாம். தனகோட்டி இப்படித்தான். இந்தக் குணத்தால் அவருக்குக் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போன கதை இது.

தனகோட்டியும் தூத்துக்குடி சூசை பர்னாந்தும் மீசை கறுத்திருந்த காலத்திலேயே நெய்வேலிக்குச் சுரங்க வேலைக்கு வந்தவர்கள். அடுத்தடுத்த குவார்ட்டர்ஸ். நடுவில் ஒரு பலா மரம். வேர் தனகோட்டி பக்கம், காய்க்கிற கிளை சூசை பக்கம். அதற்காக ஒருநாளும் இரண்டு வீட்டிலும் முகம் சுளித்ததில்லை. இப்போது இருவருக்கும் ஒரே மாதத்தில் ஓய்வு. குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். தனகோட்டிக்கு வேலூரை ஒட்டிய காட்பாடியில் சொந்த வீடு இருந்தது. அதற்குப் பக்கத்து வீடு காலி. சூசைக்குத் தூத்துக்குடியில் அப்பா கட்டிய மாடிவீடு, மேல்மாடியில் ஆளில்லை. நீ என் ஊருக்கு வா என்று இவர், நீரு என் ஊருக்கு வாரும் என்று அவர்.

சூசை வராவிட்டால் என்ன ஆகும் என்று நினைக்கவே தனகோட்டிக்குப் பயமாக இருந்தது. காரணம் சின்னதுதான். புளுகுகிறவனுக்கு நம்புகிற ஆள் எங்கே போனாலும் கிடைப்பான். ஒரு வார்த்தையைக்கூட நம்பாமல், ஆனால் எழுந்தும் போகாமல் கடைசிவரை உட்கார்ந்து கேட்கிற ஆள் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. காட்பாடி வீட்டு வாசலில் தன்னந்தனியாக உட்கார்ந்து தான் யாரிடம் என்ன பேசுவது?

கடைசியில், பெண்கள் இரண்டு பேரும் எந்த ஊர் என்று சொல்கிறார்களோ அந்த ஊருக்கே இரண்டு குடும்பமும் போவது என்று முடிவானது. சூசை மனைவி ரெஜினாவுக்கு வெயில் உச்சியில் பட்டால் தலை சுற்றும். தனகோட்டி மனைவி காஞ்சனாவுக்குப் புழுக்கம் ஆகாது. முதுகெல்லாம் வேர்க்குரு பொரிந்துவிடும். காய்கிற ஊரா, அவிகிற ஊரா என்பதுதான் கேள்வி. இதற்கு நடுவில் பூக்காரம்மா, பக்கத்தில் இருக்கிற வடலூரில் ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு வீடு காலியாக இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள். ஆண்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பலா மரத்தடியில் பேசுவதாக ஏற்பாடு. கிளம்பும்போதே காஞ்சனா புருஷனை நிறுத்தி வைத்துச் சொன்னாள். "காத்தைப் பத்திப் பேசுங்க. பக்கத்துல ஆஸ்பத்திரி கீது, ஸ்டேஷன் கீது, அதைச் சொல்லுங்க. வெயிலைப் பத்தி மட்டும் வாயத் தொறக்காதீங்க." தனகோட்டி தலையை ஆட்டினார். ஆட்டும்போது உண்மையாகத்தான் ஆட்டினார்.

மரத்தடியில் கோணி விரித்து, பெண்கள் இருவரும் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாப்பழம் அறுக்க உட்கார்ந்தார்கள். தனகோட்டி நன்றாகத்தான் ஆரம்பித்தார். எங்கள் ஊர்ச் சூடு காய்ந்த சூடு, ரெஜினா, உடம்பில் ஒட்டாது. நிழலுக்குள் ஒரு கால் வைத்தால் போதும், சூடு வாசலிலேயே நின்றுவிடும். பொரித்த அப்பளம் சாயங்காலம் வரை மொறுமொறுவென்று இருக்கும். துவைத்த துணி அரைமணியில் காய்ந்துவிடும். பொழுது சாய்ந்தால் மொட்டை மாடியில் காற்று. இதையெல்லாம் கேட்டு ரெஜினா ஒரு சுளையை எடுத்துக் கொட்டை நீக்கி அவர் கையில் கொடுத்தாள். நல்ல சகுனம்.

சூசையும் தன் பங்குக்கு ஒழுங்காகவே பேசினார். மத்தியானம் ஆனால் கடற்காற்று வந்துவிடும். வெயில் முகத்தில் அறையாது. தோல் வெடிக்காது, உதடு வெடிக்காது. அத்தோடு அவர் நிறுத்தியிருக்கலாம். ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டே, "வெயிலுன்னு பாத்தா எங்க உப்பளத்துல அடிக்கிற வெயிலுக்கு முன்னால வேலூரு வெயிலெல்லாம் நிலா வெளிச்சம், வே," என்று சொல்லிவிட்டார்.

தனகோட்டிக்குக் காதுமடல் சிவந்தது. காஞ்சனா அவர் காலை மிதித்தாள். அவருக்கு அது எறும்பு ஊர்ந்த மாதிரிகூட இல்லை.

"இன்னா சொன்ன? நிலா வெளிச்சமா?" என்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். துணி அரைமணியில் காயும் என்று சொன்னது சும்மா மரியாதைக்காம். உண்மையில் அவருடைய அப்பா கிணற்றில் முங்கி எழுந்து, கடைசிப் படி ஏறுவதற்குள் வேட்டி காய்ந்துவிடுமாம். ஒரு சித்திரையில் மேலேயிருந்து குதித்தவர் தண்ணீரைத் தொடவே இல்லையாம். அவர் போய்ச் சேருவதற்குள் கிணறு காய்ந்துவிட்டதாம்.

"அப்ப உங்க அய்யாவுக்கு அடிபடலியா?" என்று கேட்டார் சூசை.

"அடி இன்னாத்துக்குப் படுது? அனல் மேல தூக்கிக்கினு வந்து கரையில வுட்டுச்சி."

சூசை தாடையைத் தடவினார். துணி காய்வது ஒரு பெருமையா என்றார். காயாமல் இருப்பதற்குத்தான் திராணி வேண்டுமாம். அவருடைய அண்ணன் கல்யாணத்தன்று முகம் துடைத்த துண்டு ஒன்று கொடியில் கிடக்கிறதாம். அண்ணனுடைய பேரனுக்கு ஞானஸ்நானமும் ஆகிவிட்டது, துண்டு இன்னும் காயவில்லையாம். இப்போது அதில் கீரை முளைத்திருக்கிறது, வாரம் ஒருமுறை கிள்ளிப் பொரியல் செய்கிறார்கள் என்றார். காஞ்சனா தன்னை அறியாமல் முதுகைச் சொறிந்துகொண்டாள்.

பிறகு வேலூர்க் கோழி பேச்சு வந்தது. தனகோட்டி வாயைத் திறக்கும் முன்பே சூசை கையமர்த்தி, "கோழி அவிச்ச முட்டை போடும்னு சொல்லப் போறீரு. கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு," என்றார்.

"அது மார்கழியில," என்றார் தனகோட்டி.

சித்திரையில் என்ன போடும் என்று கேட்க சூசைக்கு வாய் துறுதுறுத்தது. கேட்கவில்லை. கேட்டால் தோற்ற மாதிரி. அதற்குப் பதிலாக உப்புக்குப் போனார். தூத்துக்குடியில் உப்பை ஜாடியில் வைப்பதில்லை, குடத்தில் ஊற்றி வைத்துக் கரண்டியால் மோந்துதான் குழம்பில் விடுவது. காற்றில் அவ்வளவு ஈரம். கடல் எங்கே முடிகிறது, தெரு எங்கே ஆரம்பிக்கிறது என்று மீனுக்கே தெரியாது. காலையில் அடுப்படி ஜன்னலைத் திறந்தால் நெத்திலி கூட்டமாக உள்ளே நீந்தி வரும். பொறுக்கி எடுத்துக்கொண்டு மிச்சத்தை வெளியே விரட்ட வேண்டும்.

"கருவாடு மீனாகாதும்பாங்க," என்றார் சூசை, குரலைத் தாழ்த்தி. "எங்க ஊருல ஆகும். எங்க அத்தை மொட்டை மாடியில காயப்போட்ட சாளைக் கருவாடு, மூணாம் நாளு ஊறித் தடிச்சு, செவுளைத் தொறந்துட்டு. அத்தை பாத்துக்கிட்டு இருக்கும்போதே கைப்பிடிச் சுவரைத் தாண்டி நீந்திப் போயிட்டு."

இதற்குத் தனகோட்டியே ஒரு சுளையை எடுத்துச் சூசையிடம் நீட்டினார். நல்ல புளுகு எங்கே கண்டாலும் மரியாதை செய்கிற மனுஷர் அவர். ஆனால் மரியாதை வேறு, விட்டுக்கொடுப்பது வேறு. ரெஜினா அறுத்த பழம் அறுத்தபடி இருக்கத் தன்னையே பார்ப்பதைக் கவனித்தார். அவள் முகம் வெளிறியிருந்தது. அதை வியப்பு என்று எடுத்துக்கொண்டார். காஞ்சனா இந்த முறை காலை மிதிக்கவில்லை, தொடையிலேயே கிள்ளினாள். அதையும் உற்சாகப்படுத்துவதாக எடுத்துக்கொண்டார்.

பாலாற்றில் ஏன் தண்ணீர் இல்லை தெரியுமா என்று ஆரம்பித்தார். தண்ணீர் இருக்கிறது. வெயிலுக்குப் பயந்து மணலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டிருக்கிறது. ஒருநாள் உச்சிப் பொழுதில் அவர் பஜாரிலிருந்து நடந்து வரும்போது கீழே பார்த்தால் தன்னுடைய நிழலைக் காணோம். எங்கே என்று தேடினால், தார் ரோட்டில் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லி முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. வீடுவரை உப்புமூட்டை தூக்கிக்கொண்டு வந்து, திண்ணையில் இறக்கிவிட்டு, அதற்கும் ஒரு டம்ளர் மோர் கொடுத்தாராம்.

"நிழலு மோரு குடிச்சுதாக்கும்?"

"குடிச்சிட்டு, இன்னொரு டம்ளர் கேட்டுச்சி."

அத்தோடு விட்டாரா? பக்கத்துத் தெருக் கிழவரைக் கூட்டிப்போக எமன் வந்த கதையையும் எடுத்தார். அக்னி நட்சத்திரம். எருமை ஊர் எல்லையில் குளம்பை வைத்துப் பார்த்துவிட்டுப் பின்வாங்கிவிட்டது. எமன் இறங்கி நடந்தான். நாலு எட்டில் கால் பொரிந்து, நொண்டிக்கொண்டே திரும்பிப் போய்விட்டான். ஆகவே சித்திரை, வைகாசியில் அவர்கள் ஊரில் யாரும் சாவதில்லையாம்.

சூசை கடைசி அஸ்திரத்தை எடுத்தார். அவர்கள் ஊரிலும் சாவு கஷ்டம்தானாம். உயிர் உடம்பைவிட்டு வெளியே வந்ததும் நனைந்து கனத்துவிடும், மேலே ஏறாது. போன வருஷம் செத்துப்போன அவருடைய பெரியப்பாவின் உயிர் கூரை உயரம்கூடப் போக முடியாமல் திரும்பி வந்து, துவட்டிக்கொள்ளக் காய்ந்த துண்டு கேட்டு வீட்டுக்குள்ளேயே சுற்றுகிறதாம். வீட்டில்தான் காய்ந்த துண்டே கிடையாதே.

தனகோட்டி மெதுவாகச் சிரித்தார். "அவரை வேலூருக்கு பஸ் ஏத்தி வுடு, சூசை. எங்க வூட்டு மாடியில போட்டுத் திருப்பி எடுத்தா ஆச்சி. சாயங்காலத்துக்குள்ள சொர்க்கத்துல இருப்பாரு."

சூசை கோணியில் ஓங்கி ஒரு அடி அடித்தார். "ஜெயிச்சிட்டீரு ஓய். இதுக்கு மேல என்கிட்ட சரக்கு இல்ல."

தனகோட்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பரிசு வாங்கப் போகிறவர் போலப் பெண்கள் பக்கம் திரும்பினார். ரெஜினா கையிலிருந்த பலாப்பிசினைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கதான் ஜெயிச்சீங்க, அண்ணாச்சி," என்றாள். "ஜெயிச்ச ஊருக்கு நாங்க வரல."

காஞ்சனாவும் சூசையைப் பார்த்து, நெத்திலி நீந்துகிற வீட்டில் தன்னால் குடியிருக்க முடியாது என்று தன்மையாகவே சொன்னாள். தான் எதற்காகப் பேச உட்கார்ந்தோம் என்பது அப்போதுதான் தனகோட்டிக்கு ஞாபகம் வந்தது. காட்பாடி வீட்டின் காலி வாசல் கண்முன்னால் வந்து நின்றது. சூசையைப் பார்த்தார். சூசையும் அதே முகத்தோடு இவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா ரெஜினா, அதெல்லாம் சும்மா சொன்னேம்மா," என்றார் தனகோட்டி. "கெணறு, நெழலு, எமன், எல்லாம் புளுகு."

"அப்ப துணி அரைமணியில காயும்னது?"

"அது மட்டும் நெசம்."

"நிழலுக்குள்ள போனா சூடு தெரியாதுன்னது?"

"அதுவும் நெசம்."

"எது நெசம், எது புளுகுன்னு நான் எப்படி அண்ணாச்சி பிரிக்க? பலாச்சுளையா, கொட்டையைத் தனியா எடுக்க?" ரெஜினா கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் வலித்தது.

பழத்தட்டை ஓரமாக நகர்த்திவிட்டுக் காஞ்சனா எழுந்து நின்றாள். இத்தனை வருஷம் நாலு பேரும் இந்த ஊர் வெயிலில்தான் கிடந்தோம், இந்த ஊர்ப் புழுக்கத்தில்தான் அவிந்தோம் என்றாள். இன்றைக்கும் மத்தியானம் பூராவும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறோம். இந்த வெயிலைப் பற்றி நீங்கள் இருவரும் ஒரு வார்த்தை பெருமை பேசி நாங்கள் கேட்டதில்லை. "பெருமை பேச ஆளில்லாத வெயிலு போதும் எங்களுக்கு. நானும் ரெஜினாவும் வடலூர் வூட்டுக்குப் போறோம். நீங்க ரெண்டு பேரும் வர்றதுன்னா வாங்க."

ஆண்கள் இருவரும் பூனைக்குட்டிகள் மாதிரிப் பின்னாலேயே போனார்கள். தனகோட்டிக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை வெளியே காட்டிக்கொள்ளத்தான் வெட்கமாக இருந்தது.

வடலூரில் நாட்கள் ஒழுங்காகப் போயின. வேலூர் என்ற பேச்சையோ தூத்துக்குடி என்ற பேச்சையோ இருவரும் எடுக்கவில்லை. அடுத்த கோடையில் காஞ்சனாவின் தம்பி திருத்தணியிலிருந்து வந்தான். வாசலில் உட்கார்ந்து, மோரைக் குடித்துவிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டே, "என்ன இருந்தாலும் எங்க திருத்தணி வெயில் மாதிரி வருமா, மாமா?" என்றான்.

தனகோட்டி சூசையைப் பார்த்தார். சூசை தனகோட்டியைப் பார்த்தார். உள்ளே காஞ்சனாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

"எங்க வடலூரப் பத்தி உனுக்கு இன்னாபா தெரியும்?" என்று தனகோட்டி ஆரம்பித்தார். "காலையில எட்டு மணி வெயில்ல கொடியில துணி காஞ்சி சருகாப் பூடும்."

"பத்து மணிக்குப் புழுக்கம் எறங்கும். அதுல அதே துணி ஊறி நனைஞ்சு அழுக்கெல்லாம் கழண்டு போகும்," என்றார் சூசை.

"மறுபடி மத்தியானம் காயும்."

"சாயங்காலம் நனையும்."

"நாங்க வந்த அன்னிக்கிப் போட்ட துணி. இன்னும் எடுக்கவேயில்ல. அதுவே தோச்சிக்கினு, அதுவே காஞ்சிக்கினு கெடக்குது," என்று முடித்தார் தனகோட்டி. திருத்தணிக்காரன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கொடியை எட்டிப் பார்த்தான். இரண்டு பேரும் ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொண்டார்கள்.

உள்ளேயிருந்து காஞ்சனாவின் குரல் மட்டும் வந்தது.

"ரெஜினா, பரண்ல கீற பெட்டிய எறக்கு. இந்த ஊரும் போயிடுச்சி."