புங்கையின் அடி பருத்த கதை

மரமும் காற்றும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், மரங்களுக்கு உயர மட்டும்தான் தெரியும், பருக்கத் தெரியாது. ஆலானாலும் வேம்பானாலும் ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் தண்டோடு நெடுநெடுவென்று நிற்கும். பெருங்காற்று வந்தால் ஒடிந்துவிடும். அதனால் பாறை மறைவிலும் பள்ளத்திலும் முளைத்தவை மட்டுமே பிழைத்தன.

தெற்கு மலையின் கணவாய்க்குக் கீழே, வெட்டவெளியில் ஒரு குடிசை. அதில் மாசானம் என்ற ஆட்டிடையனும் அவன் மனைவி மாடத்தியும் இருந்தார்கள். அவர்களுக்குப் பிறந்த ஒரே பெண் குழந்தை பெயர் வைப்பதற்கு முன்பே போய்விட்டது. குடிசைக்குப் பின்னால் அதைப் புதைத்தார்கள். அடுத்த மழையில் அந்த மண்ணிலிருந்து ஒரு புங்கங்கன்று தலை நீட்டியது. மாடத்தி குனிந்து பார்த்தபோது அது "அம்மா" என்றது.

மாசானம் ஆடுகள் அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டான். பனையோலைத் தட்டி பின்னிக் கன்றைச் சுற்றிக் கட்டினான்.

ஆடி பிறந்தது. கணவாய் வழியே காற்று இறங்கி வந்தான். தொட்டதெல்லாம் ஒடிந்து போவதால் அவனை யாரும் வா என்று சொன்னதே கிடையாது. மாடத்தி குறுக்கே போய் நின்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அண்ணே, எனக்கு இருக்கது இவ ஒருத்திதான். இந்தப் பக்கம் வராத."

அண்ணே என்று யாரும் கூப்பிட்டு அவன் கேட்டதில்லை. அவள் சொன்னபடியே திரும்பி, கணவாய்க்கு அப்பால் போய் உட்கார்ந்துகொண்டான்.

காற்று வராததால் மேகமும் வரவில்லை. குளம் சேறாகிப் பிறகு வெடித்தது. ஆடுகள் பாறை நிழலில் நாக்கு வறண்டு படுத்தன. மாடத்தி தொலைவிலிருந்த ஊற்றில் சுரண்டிச் சுரண்டித் தண்ணீர் எடுத்து வந்து மரத்துக்கு ஊற்றினாள். அதுவும் தட்டியைத் தாண்டி, கூரையைத் தாண்டி வளர்ந்தது. தண்டு மட்டும் கன்றாக இருந்தபோது இருந்த அதே தண்டு.

ஒரு காலையில் கரிச்சான் குருவி ஒன்று அதன் உச்சியில் வந்து உட்கார்ந்தது. அந்தக் கனம் தாங்காமல் மரம் வளைந்து தலை மண்ணில் பட்டது. குருவி பறந்த பிறகும் எழவில்லை.

மாடத்தி ஓடிவந்து அதன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். வலிக்கிறதா என்று கேட்டாள்.

"வலிக்கலம்மா. நிக்கத்தான் தெரியல."

மூங்கில் கழியை முட்டுக் கொடுத்துக் கட்டினார்கள். மரம் கழிமேல் சாய்ந்துகொண்டது. கட்டை அவிழ்த்தால் மறுபடி விழுந்தது. மாடத்தி அழுதபடியே இருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் மந்தையில் ஓர் ஆடு குட்டி போட்டது. ஈரம் காயாத குட்டி எழப் பார்த்துச் சரிந்தது. தாய் மூக்கால் அதை மெல்ல முட்டியது. குட்டி தள்ளாடியது, விழாமல் இருக்கக் காலை அகல ஊன்றியது. தாய் மறுபடி முட்டியது. மாடத்தி அழுகையை நிறுத்திவிட்டு அதையே பார்த்தாள்.

அவள் எழுந்துபோய் மரத்தின் கட்டைத் தளர்த்தினாள். உள்ளங்கையை அதன்மேல் வைத்து, தூளியை ஆட்டுவதுபோல மெல்லத் தள்ளினாள். மரம் நடுங்கியது. அடியில் ஏதோ இறுகுகிறது என்றது. நாள்தோறும் அவள் அப்படியே செய்தாள். கை எட்டிய இடம் வரை தண்டு கொஞ்சம் தடித்தது. அதற்கு மேலே கொடியாகவே இருந்தது.

பிறகு அவள் கணவாய்க்கு ஏறிப் போனாள். காற்று அவளைக் கண்டதும் ஒதுங்கினான். வீட்டுக்கு வரும்படி அவள் கூப்பிட்டதும் பயந்துபோனான்.

"என் கை முரட்டுக் கை, தங்கச்சி. ஒடிச்சிருவேன்."

"என் கை மேல உன் கைய வை. நான் தள்ளுற அளவுக்குத் தள்ளு. உன் மருமகதான அவ."

அவர்கள் வந்து சேர்ந்தபோது மாசானம் தட்டியின் முன்னால் நின்றிருந்தான். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் தானே அதன் முடிச்சுகளை அவிழ்த்தான்.

மாடத்தியின் கைமேல் காற்று தன் கையை வைத்தான். அவள் தள்ளியபோது தள்ளினான், எடுத்தபோது எடுத்தான். மரம் சாய்ந்து நிமிர்ந்தது. வேர்கள் அவன் வரும் திசையில் மண்ணைத் துழாவிப் பிடித்தன. சில நாட்களில் அவள் கை தேவைப்படவில்லை. அவன் தினமும் வந்தான். அவன் பின்னால் மேகங்கள் வந்தன. குளத்தில் தண்ணீர் நின்றது.

மரம் அவசரமாக உயர்வதை விட்டுவிட்டது. அடி பருத்தது.

மறு ஆடியில் காற்றுக்கு வேகம் கூடியது. தன்னைத் தானே அடக்க முடியவில்லை. கணவாயிலிருந்தே, உள்ளே போய்விடும்படி தங்கைக்குக் குரல் கொடுத்தான். மாடத்தியும் மாசானமும் போகவில்லை. இருவரும் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள்.

"கைய எடும்மா," என்றது மரம். கணவாய்ப் பக்கம் திரும்பி, "வாங்க மாமா," என்றது.

இலைகள் பறந்தன. ஒரு கிளை முறிந்தது. கூரையும் போயிற்று. காற்று ஓய்ந்தபோது புங்கை நின்றுகொண்டிருந்தது. முறிந்த கிளையின் காயத்தைக் காற்று தடவிக்கொடுத்தான். வெகுநேரம் அழுதான். பள்ளத்திலும் பாறை மறைவிலும் இருந்த மரங்களெல்லாம் எட்டிப் பார்த்தன.

அன்று முதல்தான், வெட்டவெளியில் காற்றோடு ஆடி வளரும் மரம் குட்டையாக அடி பருத்து, காற்று வரும் பக்கம் வேரை ஊன்றி நிற்கிறது. மறைவில் வளர்வது இன்றும் ஒல்லியாக உயர்ந்து, தாங்கிக்கொள்ள ஒரு கழியைத் தேடுகிறது.